மூன்றாம் நாள் வீக்கம்: மலையகத்து மாடும் காசநோயும்

பதுளை மாவட்டத்து மடுல்சீமைத் தோட்டங்களில் பால் கறப்பது, காலையில் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முந்திய வேலை. கறந்ததில் கொஞ்சம் லயத்து வீட்டு அடுப்புக்குப் போகும், மிச்சம் கேனுக்குப் போகும். பால் சேகரிக்கும் இடத்தில் அந்தக் கேனிடம் சில கேள்விகள் கேட்கப்படும். தண்ணீர் கலந்ததா என்பதற்கு லக்டோமீட்டர் மிதக்கும். திரிந்துபோகும் நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கிய திண்மம் எவ்வளவு என்று அளப்பார்கள். பணம் அந்தக் கணக்கில்தான் வரும். பாலைத் தந்த மாடு என்ன நோயோடு நிற்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், காசநோயைப் பொறுத்தவரை, கேன் வரிசையில் நிற்கும் நேரத்துக்குள் பதில் சொல்லும் பரிசோதனை எதுவும் நடைமுறைக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் கிருமியிடமே இருக்கிறது. மைக்கோபக்டீரியம் என்பது ஒரு பெரிய குடும்பம். மனிதக் காசநோய், தொழுநோய், மாட்டுக் காசநோய், மாட்டையும் ஆட்டையும் கழிச்சலில் உருக்கிக் கொல்லும் யோனே நோய் எல்லாம் அந்தக் குடும்பத்தார் செய்வதுதான். மெழுகுத் தன்மையுள்ள கொழுப்பு நிறைந்த தடித்த சுவர் இவற்றுக்கு உண்டு. சாதாரணச் சாயம் அந்தச் சுவரில் ஏறாது. சூடாக்கி ஏற்றினால், அமிலம் ஊற்றிக் கழுவினாலும் இறங்காது. குடலில் வாழும் ஈ-கோலை வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமி இரண்டாக 15 முதல் 20 மணித்தியாலம் எடுக்கும். அதனால் ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்க ஆறு, எட்டு வாரம் ஆகும். யோனே நோய்க் கிருமிக்கு நான்கு மாதம்கூட ஆகலாம். வளர்க்காமல் நேரே நுண்ணோக்கியில் பார்க்கலாமே என்றால், ஒரு மில்லிலீட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். அதற்குக் குறைந்தால் கண்ணாடித் தகடு சுத்தமாகத் தெரியும், நோயாளி இருமிக்கொண்டிருப்பார்.

இந்தக் கிருமியைத் தேடிய வரலாற்றில் மிகப் பெரிய சறுக்கல், அதைக் கண்டுபிடித்தவராலேயே நேர்ந்தது. 1882இல் காசநோய்க் கிருமியை உலகுக்குக் காட்டியவர் ரொபர்ட் கொக். 1898இல் அமெரிக்காவின் தியோபால்ட் ஸ்மித், மாட்டுக் கிருமியும் மனிதக் கிருமியும் வேறு வேறு என்று காட்டினார். அதைப் பிடித்துக்கொண்ட கொக், 1901இல் லண்டன் மாநாட்டில், மாட்டுக் காசநோயால் மனிதருக்கு ஆபத்து பொருட்படுத்தத் தக்கதல்ல, அதற்காகத் தடுப்பு நடவடிக்கை தேவையில்லை என்று பேசிவிட்டார். பேசியவர் கொக் என்பதால் அதை எளிதில் தள்ள முடியவில்லை. பிரிட்டன் ஓர் அரச ஆணைக்குழுவை அமைத்தது. பத்து ஆண்டுகள் ஆராய்ந்து 1911இல் அது இறுதி அறிக்கை தந்தது. பால் வழியே மாட்டுக் கிருமி மனிதருக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, வருகிறது என்பது அதில் உறுதியாயிற்று. கழுத்தில் நெறி கட்டி உடையும் கண்டமாலை, வயிற்றுக் காசம், எலும்புக் காசம் ஆகியவற்றில் கணிசமானவை பாற்குவளையிலிருந்து வந்தவை.

நம் இலங்கையில் பாலைப் பச்சையாகக் குடிக்கும் வழக்கம் குறைவு. லயத்தில் பால் பொங்கித்தான் தேத்தண்ணியில் விழுகிறது. ஊவாவின் பெருமையான எருமைத் தயிரும் காய்ச்சிய பாலில் உறையூற்றியது. 63 பாகை செல்சியசில் 30 நிமிடம், அல்லது 72 பாகையில் 15 விநாடி சூடாக்கினாலே மாட்டுக் காசக்கிருமி செத்துவிடும். பொங்கும் பாலில் அது தப்பாது. பச்சைப்பால் உடம்புக்குப் பலம் என்ற நம்பிக்கையும், கோயிலில் அபிஷேகப் பாலை அப்படியே அருந்துவதும்தான் மிஞ்சியிருக்கும் இடைவெளிகள்.

அப்படியானால் மலையகத்தில் இதைப் பற்றி ஏன் பேச வேண்டும்? மாட்டுக் காசநோய் மாட்டிலிருந்து மாட்டுக்குப் பெரும்பாலும் மூச்சில்தான் பரவுகிறது. தோட்டத்து மாடு மேயப் போவதில்லை. தேயிலை மலைக்குள் மாட்டை விட முடியாது. மானாப்புல்லையும் கினிப்புல்லையும் அறுத்துச் சுமந்து வந்து கட்டுத்தறியில் போடுகிறார்கள். இப்போது பல இடங்களில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ-3 புல்லும் வந்துவிட்டது. மாடு நாள் முழுக்க நிற்பது, பனிக்கும் மழைக்கும் பயந்து தகரமும் சாக்கும் வைத்து நான்கு பக்கமும் அடைத்த கொட்டிலில். அது லயத்துப் பின்சுவரிலிருந்து சில அடி தூரத்தில் இருக்கும். மலைநாட்டு மாடு ஃபிரீசியன், ஜேர்சி, அயர்ஷயர் கலப்பு. இப்படிப்பட்ட ஐரோப்பிய இன மாடுகள், திமிலுள்ள நாட்டு மாட்டைவிட இந்த நோய்க்கு எளிதில் இடம்கொடுப்பவை என்று எத்தியோப்பியாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பால் கூட வேண்டும் என்று கலப்பினத்தையும் அடைத்த கொட்டிலையும் வளர்க்கிற ஒவ்வொரு நாடும், தெரிந்தோ தெரியாமலோ, இந்தக் கிருமிக்கும் வசதி செய்து கொடுக்கிறது.

மாட்டில் இதைக் கண்டுபிடிக்க இன்றும் உலகம் நம்பியிருப்பது, கொக் 1890இல் அறிமுகப்படுத்திய டியூபர்குலினைத்தான். அவர் அதை மருந்தாகக் கொண்டுவந்தார். மருந்தாக அது தோற்றது. நோயறியும் ஊசியாக நின்றுவிட்டது. செய்முறை எளிது போலத் தோன்றும். மாட்டின் கழுத்தில் இரண்டு இடத்தில் மயிரைச் சிரைக்க வேண்டும். தோலை இரண்டு விரலால் மடித்து, அந்த மடிப்பின் தடிப்பை அளவுகோலால் மில்லிமீட்டரில் குறிக்க வேண்டும். ஓரிடத்தில் மாட்டுக் கிருமியிலிருந்து எடுத்த புரதம், மற்றதில் பறவைக் கிருமியிலிருந்து எடுத்த புரதம், ஒவ்வொன்றும் 0.1 மில்லிலீட்டர், தோலுக்குள்ளேயே நிற்கும்படி போட வேண்டும். 72 மணித்தியாலம் கழித்து வந்து மறுபடி அளக்க வேண்டும். மாட்டுப் புரதம் போட்ட இடம் மற்றதைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக வீங்கியிருந்தால் மாடு தொற்றுக் கண்டது. வித்தியாசம் ஒன்றுக்கும் நான்குக்கும் இடையில் இருந்தால் சந்தேகம். குறைந்தது ஆறு வாரம் காத்திருந்து திரும்பச் செய்ய வேண்டும்.

பறவைக் கிருமி எதற்கு என்று கேட்கலாம். மண்ணிலும் ஓடைத் தண்ணீரிலும் தீங்கற்ற மைக்கோபக்டீரியங்கள் ஏராளம். அவற்றோடு பழகிய மாடும் டியூபர்குலினுக்குக் கொஞ்சம் வீங்கும். பறவைப் புரதத்துக்கு வீங்கிய அளவைக் கழித்தால்தான் உண்மையான தொற்றுத் தெரியும். வெப்பநாட்டு மண் செய்யும் இந்தக் குழப்பத்தை மனிதரிடமே மிகப் பெரிய அளவில் சந்தித்த இடம் தமிழ்நாடு. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோரைச் சேர்த்து பீ.சீ.ஜீ. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசத்துக்கு எதிராக ஊசி பாதுகாப்புத் தரவில்லை என்ற முடிவு 1979இல் வெளிவந்தபோது மருத்துவ உலகம் திகைத்துப் போனது. அந்தப் பகுதி மக்களில் பெரும்பாலோர் சுற்றுச்சூழல் மைக்கோபக்டீரியங்களுக்கு ஏற்கனவே பழகியிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற விளக்கம் இன்றும் பேசப்படுகிறது.

பரிசோதனையின் மூன்றாம் நாளை மடுல்சீமையில் வைத்து எண்ணிப் பாருங்கள். மிருக வைத்தியர் பசறைப் பக்கமிருந்து ஒருமுறை ஏறி வர வேண்டும். மூன்றாம் நாள் அதே நேரத்துக்குத் திரும்ப ஏற வேண்டும். மழையில் மண் சரிந்தால் பாதை இல்லை. மாட்டுக்காரம்மா மலையில் கொழுந்து எடுக்கப் போயிருந்தால் மாட்டைப் பிடிக்க ஆள் இல்லை. மூன்று நாளுக்குள் மாடு கைமாறாது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இதற்கு மாற்றாக ஆஸ்திரேலியாவில் 1980களின் பிற்பகுதியில் உருவான காமா இன்டர்பெரோன் இரத்தப் பரிசோதனை உண்டு. அதற்கு ஒரு தடவை இரத்தம் எடுத்தால் போதும். ஆனால் இரத்தத்தின் வெள்ளணுக்கள் உயிரோடு ஆய்வுகூடம் போய்ச்சேர வேண்டும்; ஒரு நாளுக்கு மேல் தாமதித்தால் பயனில்லை. மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு இறங்கி, அங்கிருந்து பேராதனைக்குப் பக்கத்துக் கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் வரை குளிர்ப்பெட்டி போவதென்றால் மலைப்பாதையிலேயே பெரும்பகுதி நேரம் கழிந்துவிடும்.

இரண்டு பரிசோதனைக்கும் முன்னால் மாட்டுக்காரர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "வீங்கியிருந்தா மாட்ட என்னா செய்வீங்க டொக்டர்?"

அந்தக் கேள்விக்குப் பணக்கார நாடுகளிடம் விடை இருந்தது. தொற்றுக் கண்ட மாட்டைக் கொன்று, உடைமையாளருக்கு நட்டஈடு கொடுத்தார்கள். ஆஸ்திரேலியா 1970இல் தொடங்கி 1997இல் தன்னை மாட்டுக் காசநோய் அற்ற நாடாக அறிவித்தது அந்த வழியில்தான். நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கே 2021 வரை இழுபட்ட தோட்டங்களில், மாடு என்பது பால் மட்டுமல்ல. எரு விற்ற காசு, பிள்ளையின் பாடசாலைச் செலவு, கல்யாணத்துக்கு விற்கக்கூடிய ஒரே சொத்து எல்லாம் அதுதான். பதில் இல்லாமல் ஊசியோடு மட்டும் வந்தால், அடுத்த தடவை வைத்தியர் வருகிறார் என்று தெரிந்ததும் இளைத்த மாடு ஏதாவதொரு லொறியில் ஏறிப் போய்விடும். நோயும் அதோடு அடுத்த தோட்டத்துக்குப் போகும். கண்டுபிடிப்பு ஆராய்ச்சியில் இத்தனை ஆண்டுகளாக உணர்திறன், துல்லியம் என்று அளந்தவர்கள், மாட்டுக்காரரின் ஒத்துழைப்பை ஓர் அளவாகச் சேர்க்கத் தவறியது பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன்.

இந்தியாவும் இதே சுவரில்தான் முட்டி நிற்கிறது. ஸ்ரீநிதி ஸ்ரீனிவாசன், விவேக் கபூர் ஆகியோர் அடங்கிய குழு, அதுவரை வெளியான இந்திய ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2018இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. மாடுகளிலும் எருமைகளிலும் சுமார் 7.3 விழுக்காட்டில் தொற்று இருக்கலாம், அதாவது ஏறத்தாழ 2 கோடியே 18 லட்சம் கால்நடை என்றது அது. அத்தனையையும் கொல்வது மதத்தாலும் முடியாது, பணத்தாலும் முடியாது.

வேலூரிலிருந்து வந்த முடிவு இதைவிட வியப்பானது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2018 ஒக்டோபரிலிருந்து 2019 மார்ச் வரை நோயாளிகளிடம் எடுத்த 940 கிருமி மாதிரிகளை மரபணு வழியில் பிரித்துப் பார்த்தார்கள். மாட்டுக் காசத்துக்குப் பேர்போன மைக்கோபக்டீரியம் போவிஸ், தடுப்பூசி வகை நீங்கலாக, ஒன்றுகூட இல்லை. ஏழு மாதிரிகளில் இருந்தது மைக்கோபக்டீரியம் ஒரிஜிஸ். ஒரிக்ஸ் என்ற மான் வகையில் முதலில் கண்டதால் வந்த பெயர் அது. தனி வகையாக அடையாளம் பெற்றதே 2012இல்தான். நேபாளத்தில் காண்டாமிருகத்திலும், பங்களாதேஷில் மாட்டிலும் குரங்கிலும் அது ஏற்கனவே அகப்பட்டிருந்தது. சென்னையில் ஒரு மாட்டிலிருந்து பிரித்த ஒரிஜிஸின் முழு மரபணு வரிசையை அங்குள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2019இல் வெளியிட்டார்கள். தெற்காசியாவில் மாட்டுக் காசத்தைத் தேடுகிறவர்கள், ஐரோப்பியப் பாடப்புத்தகம் சொன்ன கிருமியை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இருப்பதைக் காணாமல் விட்டுவிடுவார்கள் என்பது இதன் பொருள்.

ஒரிஜிஸ் பற்றிய இன்னொரு செய்தி நியூசிலாந்திலிருந்து வந்தது. அங்கே அந்தக் கிருமி மனிதரிடமிருந்து பால் மாட்டுக்குப் போயிருந்ததை 2012இல் பதிவு செய்தார்கள். அதாவது, கொட்டிலில் நோய் இரண்டு பக்கமும் நடக்கிறது. 2014இல் இலங்கைக் காட்டு யானையொன்று காசநோயால் இறந்தது முதன்முறையாக உறுதி செய்யப்பட்டபோதும், மனிதர் அருகில் வாழும் விலங்குகளுக்கு நாம் எதைக் கொடுக்கிறோம் என்ற கேள்வி எழுந்தது. வழக்கமான ஆண்டுகளில் 8,000 பேருக்கு மேல் புதிதாகக் காசநோயாளிகளாகப் பதிவாகும் நாடு இது. இருமுகிற ஒருவர் காலையும் மாலையும் மாட்டின் முகத்தருகே நின்று புல் போடுகிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மனித மருத்துவ ஆய்வுகூடத்துக்குள்ளும் ஒரு கண்மறைப்பு உண்டு. காசநோய்க் கிருமியை வளர்க்கும் லோவென்ஸ்டைன்-ஜென்சன் ஊடகத்தில் வழக்கமாகக் கிளிசரோல் சேர்ப்பார்கள். மனிதக் கிருமி அதில் செழிக்கும். போவிஸ் கிருமி சோம்பும், பல நேரம் தலையே காட்டாது. கிளிசரோலுக்குப் பதில் பைருவேற் சேர்த்த ஒரு குழாயையும் பக்கத்தில் வைத்தால்தான் அது முளைக்கும். விரைவில் முடிவு தரும் ஜீன்எக்ஸ்பேர்ட் கருவியோ, காசக்கிருமிக் குடும்பம் என்று சொல்லுமே தவிர, அதில் எவர் என்று பிரித்துச் சொல்லாது. இதில் நோயாளிக்கு நேரடி நட்டமும் இருக்கிறது: வழக்கமான நான்கு மருந்துகளில் ஒன்றான பைரசினமைட்டுக்கு போவிஸ் இயல்பாகவே மசியாது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 பேருக்கு விலங்குவழிக் காசநோய் வருவதாக மதிப்பிட்டது. வேலூர் ஆய்வைப் பார்த்த பிறகு, போவிஸை மட்டும் வைத்துப் போட்ட அந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியவில்லை.

உணவில் தேடும் ஆராய்ச்சி வேறொரு பக்கம் நடக்கிறது. அங்கே காசக்கிருமியைவிட யோனே நோய்க் கிருமிதான் பிடிவாதக்காரன். பெல்பாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஐரீன் கிராண்டும் குழுவினரும் பிரிட்டனில் விற்ற பாலைச் சோதித்து 2002இல் வெளியிட்ட முடிவில், பாஸ்டர் முறையில் சூடாக்கிய பாலிலும் 1.8 விழுக்காட்டு மாதிரிகளில் உயிருள்ள கிருமி முளைத்தது. மனிதரின் குரோன் குடல் நோயோடு அதற்குத் தொடர்பு உண்டா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பீ.சீ.ஆர். முறை, செத்த கிருமியையும் உயிருள்ளதையும் ஒன்றாகவே எண்ணும். சூடாக்கிய பாலில் அந்தப் பதிலால் பெரிய பயன் இல்லை. எனவே டீ-29 என்ற வைரஸைத் துணைக்கு அழைத்தார்கள். அது மைக்கோபக்டீரியத்துக்குள் மட்டும் புகுந்து பெருகும், உயிருள்ளதற்குள் மட்டுமே பெருக முடியும். வெளியே மிஞ்சிய வைரஸை மருந்திட்டு அழித்துவிட்டு, உள்ளே புகுந்தவை கிருமியை உடைத்து வெளிவரும்போது, வேகமாக வளரும் தீங்கற்ற மைக்கோபக்டீரியம் பரப்பிய தட்டில் விடுகிறார்கள். மறுநாளே தட்டில் வெற்றிடங்கள் வட்டவட்டமாகத் தெரியும். ஒவ்வொரு வட்டமும் பாலில் இருந்த ஓர் உயிருள்ள கிருமிக்குச் சாட்சி. மாதக்கணக்கில் காத்திருந்தது ஓரிரு நாளுக்குச் சுருங்கியது. பொடிப்பாலை நம்பி வாழும் நம்மைப் போன்ற நாட்டுக்கு இந்த ஆராய்ச்சி தூரத்து விஷயம் அல்ல.

மலையகத்துக்கு இப்போதே எட்டக்கூடிய கருவி இதைவிடப் பழையது: மாடறுக்கும் இடத்துக் கத்தி. தொண்டைக்குப் பின்னாலும் நுரையீரலுக்கு நடுவிலும் உள்ள நெறிக்கட்டிகளை அறுத்துப் பார்த்தால், நோய் கண்டதில் மஞ்சள் சீழ் தயிர்க்கட்டி போல இறுகியிருக்கும். சுண்ணாம்பு படிந்ததில் கத்தி கரகரக்கும். அந்தக் கட்டியைப் புட்டியில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் மாவட்டத்தின் நிலை தெரிந்துவிடும்; உயிருள்ள எந்த மாட்டையும் தொட வேண்டியதில்லை. மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு இலங்கை அமைச்சரவை 2020 செப்டெம்பரில் ஒப்புதல் கொடுத்தபோது சமயமும் அரசியலும் நிறையப் பேசப்பட்டன. அறுக்கும் இடங்கள் மறைவுக்குப் போனால் இந்தக் கண்காணிப்பும் சேர்ந்து போகும் என்பதை அந்தச் சத்தத்துக்கிடையே நான் கேட்கவில்லை.

'மாட்ட என்னா செய்வீங்க' என்ற மாட்டுக்காரரின் கேள்விக்கு இப்போது கொல்லாத விடை ஒன்றும் உருவாகி வருகிறது. பீ.சீ.ஜீ. தடுப்பூசி பிறந்ததே மாட்டிலிருந்துதான். கல்மெற்றும் கேரினும் பிரான்சின் லீல் நகரில் 1908இலிருந்து 13 ஆண்டுகள் மாட்டுக் கிருமியை 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து வீரியத்தைக் குறைத்தார்கள். சென்னை கிண்டியில் 1948 முதல் அந்த ஊசி தயாரானது. அதை மாட்டுக்கே போடத் தடையாக இருந்த காரணம் ஒன்று: ஊசி போட்ட மாடும் டியூபர்குலினுக்கு வீங்கும், நோய் மாடு எது, ஊசி மாடு எது என்று பிரிக்க முடியாது. அந்த 230 தடவையில் கிருமி இழந்துபோன சில புரதங்கள் இப்போது கைகொடுக்கின்றன. ஈசாட்-6, சீ.எஃப்.பீ-10 போன்ற, தடுப்பூசிக் கிருமி தராத புரதங்களை மட்டும் தோலில் போட்டால் நோய் கண்ட மாடு வீங்கும், ஊசி போட்ட மாடு வீங்காது. கபூர் குழுவினர் 2019இல் இந்தத் தோல் பரிசோதனையை வெளியிட்டார்கள். எத்தியோப்பியாவில் கன்றுகளுக்குத் தடுப்பூசி போட்டுப் பார்த்த அவர்களுடைய ஆய்வு 2024இல் வந்தது. ஊசி தொற்றைத் தடுப்பதையும், மீறித் தொற்றிய மாடு மற்றவற்றுக்குப் பரப்புவது குறைவதையும் சேர்த்தால் பயன் 89 விழுக்காடு என்றது அது.

நோயைத் தேடும் வேலையை மலையகத்தில் தொடங்கப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. பதுளை மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் கழுத்து நெறிக்கட்டியோடு வருகிறவரிடம் வீட்டில் மாடு உண்டா என்று ஒரு வரி கேட்டு எழுதலாம். உண்டு என்றால், அவருடைய மாதிரிக்குப் பைருவேற் குழாய் ஒன்று கூடுதலாக வைக்கலாம், அந்த முகவரியை மிருக வைத்திய அலுவலகத்துக்கு அனுப்பலாம். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் விலங்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். மடுல்சீமை, பசறை, லுணுகலைக் கொட்டில்கள் அவர்களுக்கு எட்டும் தூரம்தான். ஆனால் ஊசியை எடுக்கும் முன்பே நட்டஈட்டுக்கான நிதி எங்கிருந்து வரும் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். பால் வாங்கும் நிறுவனங்கள் லீட்டருக்குச் சில சதம் ஒதுக்கினாலும் அந்த நிதிக்கு ஒரு தொடக்கம் கிடைக்கும்.

மாடு வளர்ப்பவர்களுக்கு: நன்றாகத் தின்றும் வாரக்கணக்கில் வற்றிக்கொண்டே போகிற மாடு, விடாமல் இருமுகிற மாடு, மருந்துக்கும் நிற்காமல் கழிகிற மாடு இருந்தால் விற்பதற்கு முன் மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். கொட்டிலின் ஒரு பக்கத்தையாவது காற்றுக்குத் திறந்து விடுங்கள். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்கக் கொடுங்கள். அதுவரை மாட்டை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.